இங்க குடியில்ல

பாகூர்ப் பக்கம் வந்து கஸ்தூரி வீடு எது என்று கேட்டால், "நர்சுக்குப் படிக்க வெக்குதே, அந்தம்மா வூடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். நாலு வருஷமாக அவளுக்கு அதுதான் அடையாளம். அதற்கு முன்னால் அவள் வெறும் வாய்க்காரி கஸ்தூரி. நடவு ஆள் ஐந்து நிமிஷம் பிந்தினால் வரப்பில் நின்றே மானத்தை வாங்கிவிடுவாள். மத்தியானம் குழம்பில் இருக்கிற பெரிய மீன் துண்டு அதே ஆள் தட்டில்தான் விழும். புருஷன் தங்கவேல் போன பிறகு நாலு காணி நெல்லையும் கரும்பையும் ஒண்டியாகவே பார்த்துக்கொண்டாள். யாருக்கும் பயந்தவள் இல்லை. அப்படிப்பட்டவள் நாலு வருஷமாக ஒரே ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்கப் பயந்து கிடந்தாள். ஏன் என்று ஊருக்குத் தெரியாது.

அந்தப் பெண் சுகன்யா. கஸ்தூரியிடம் வேலை செய்கிற சிந்தாமணியின் மகள். சிந்தாமணி வாய்க்காலுக்கு அந்தாண்டை ஊர். இங்கே வாய்க்காலைத் தாண்டினால் பாண்டிச்சேரி முடிந்து மாநிலமே மாறிவிடும். மேய்கிற மாட்டுக்கு அந்தக் கணக்கு கிடையாது, ரேஷன் கார்டுக்கு உண்டு. புருஷன் செத்ததும் பத்து வயது மகளோடு வேலை தேடி வந்தவளை, வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகையில் தங்கச் சொன்னது கஸ்தூரியேதான். மோட்டாருக்கும் காவல் ஆச்சு, அவர்களுக்கும் கூரை ஆச்சு. ஸ்விட்ச் பலகைக்குக் கீழே உட்கார்ந்துதான் சுகன்யா படிப்பாள். மோட்டார் இரைச்சல் அவளுக்குப் பழகிவிட்டது. கரண்ட் போய் அது நின்றால்தான் திடுக்கிட்டு நிமிர்வாள். அப்படியே எட்டு வருஷம் ஓடி, பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தாள்.

நர்சிங் படிக்க ஆசைப்பட்டாள். பாண்டிச்சேரிக்காரர்களுக்கான சீட்டு கிடைத்தால் செலவு அதிகமில்லை. ஆனால் இத்தனை வருஷம் இங்கேதான் குடியிருந்தோம் என்று சான்றிதழ் வேண்டும். சிந்தாமணியின் ரேஷன் கார்டோ இன்னும் வாய்க்காலுக்கு அந்தாண்டையே கிடந்தது. அதை மாற்ற வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? ஆக, நிலத்துக்காரி சொல்லப்போகிற ஒரு வார்த்தைதான் அத்தாட்சி.

கிராம அதிகாரி விசாரணைக்கு வருவதற்கு முதல் நாள் கஸ்தூரியின் அண்ணன் மகன் ராஜேஷ் வந்தான். திருபுவனையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், நாலும் தெரிந்தவன்.

"அத்தை, அவங்க அங்க குடியிருக்கறாங்கன்னு மட்டும் எழுதிக் குடுத்துடாதீங்க. நாளைக்கி அதையே வெச்சிக்கினு கொட்டகை எங்களுதுன்னு பட்டா கேப்பாங்க. அப்பறம் கோர்ட்டு கேசுன்னு அலையணும்."

"அவ அப்பிடிப்பட்டவ இல்லடா."

"அவ இல்ல. அவளுக்குச் சொல்லிக் குடுக்கறதுக்கு ஊர்ல எத்தினி பேர் இருக்கறான்?"

ரோடு அகலமானதிலிருந்து அந்தக் கொட்டகை மூலைக்கு நல்ல விலை வந்திருந்தது.

மறுநாள் கிராம அதிகாரி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். "சிந்தாமணி குடும்பம் உங்க நெலத்துலதான் குடியிருக்கறாங்களாம்மா?"

"வேலைக்கு வருவாங்க, போவாங்க சார். இங்க குடியில்ல."

சொல்லி முடித்தபோது அவளுக்கே அது வேறு யாரோ பேசியதுபோல் இருந்தது. கொட்டகை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று அவர் கேட்டார். போயிருந்தால் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சுகன்யாவின் பழைய யூனிபார்மைப் பார்த்திருப்பார். "ஒரே சேறா கெடக்குது சார், பேன்ட்டெல்லாம் பாழாப் பூடும்" என்றாள் கஸ்தூரி. உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் எழுதியதற்குக் கீழே கையெழுத்தும் போட்டாள். அந்த நேரத்தில் சிந்தாமணி அவளுடைய வயலில்தான் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

சான்றிதழ் கிடைக்கவில்லை, சீட்டும் போயிற்று. சிந்தாமணி கஸ்தூரியின் வாசலிலேயே வந்து உட்கார்ந்து அழுதாள்.

"எந்தப் பாவியோ நாங்க இங்க இல்லவே இல்லன்னு சொல்லிட்டாங்களாம் யம்மா. சொன்ன வாய் புழுத்துப் போவ. எம்பொண்ணு வவுத்துல அடிச்சிட்டாங்களே."

நான்தான்டி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வந்ததென்னவோ வேறு பேச்சு.

"போனா போவட்டும்டி. தனியார் காலேஜில சேத்து வுடு. நாலு வருஷமும் நான் கட்டறேன்."

சிந்தாமணி தடாலென்று காலில் விழுந்தாள். கஸ்தூரி காலை இழுத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற சுகன்யா விழவில்லை. ஒரு நிமிஷம் கஸ்தூரியையே பார்த்துவிட்டு, அம்மாவைத் தூக்கிவிட்டாள்.

அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது. அந்த ஆடியில் கோயிலில் வைத்து மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். தாலி கட்டிக்கொண்ட நாளில்கூட அப்படித் தலை குனிந்திராதவள் அன்றைக்குக் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அடக்கத்தைப் பார் என்று அதற்கும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சால்வையைத் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் திணித்துவிட்டாள்.

வருஷம் எண்பதாயிரம். கரும்புப் பணம் வந்ததும் முதல் வேலையாகக் காலேஜுக்குப் போய்க் கட்டி, முகத்தைப் பார்க்காமலே ரசீதைச் சுகன்யாவிடம் நீட்டிவிட்டு வருவாள். கட்டக் கட்ட ஊரில் பேர் ஏறியது, நெஞ்சின் குறுகுறுப்பு ஒரு படிகூட இறங்கவில்லை. அவள் கெடுத்ததற்கு அவளே தண்டம் கட்டுகிறாள். அதைத் தர்மம் என்று ஊரே மெச்சினால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொள்வது? லீவுக்கு சுகன்யா வந்தால் கஸ்தூரிக்கு மாட்டுக்கொட்டகையில் திடீரென்று நூறு வேலை முளைத்துவிடும்.

போன மாதம் படிப்பு முடிந்தது. ஒரு நாள் காலையில் சுகன்யா ஒரு தாளோடு வந்து நின்றாள். ஓடி ஒளிய இந்த முறை கஸ்தூரிக்குத் தெம்பில்லை. பெண் வாயைத் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"அன்னிக்கி இங்க குடியில்லன்னு சொன்னது நான்தான்டி. ஒன் சீட்டக் கெடுத்தவ நான்தான்."

"தெரியும்மா."

கஸ்தூரி அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன் குடுக்கலன்னு ஆபீசில போயி கேட்டேன். பேப்பரக் காட்டனாங்க. கீழ ஒங்க கையெழுத்து இருந்திச்சி. நான் போனது, நீங்க பணம் கட்டறேன்னு சொன்னீங்களே, அதுக்கு மொத நாளு."

"ஒங்கம்மாவுக்கு?"

"சொல்லல. சொன்னா அன்னிக்கே மூட்டயக் கட்டியிருக்கும். எங்க போறது? எனக்குப் படிப்பும் வேணும், அம்மாவுக்குப் படுக்க எடமும் வேணும். பேசாம இருந்துட்டேன்."

குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் கஸ்தூரிக்குத் தேவலையாக இருந்திருக்கும். நாலு வருஷம் அவள் ஒளிந்து திரிந்ததெல்லாம் இந்தப் பெண்ணுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தெரிந்தேதான் ஒவ்வொரு ரசீதையும் இரண்டு கையாலும் வாங்கியிருக்கிறாள்.

"இன்னா வேணும் சொல்லு. மேல படிக்கறியா? அதுக்கும் கட்டறேன்."

"பணம் வேணாம்மா. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில வேலக்கி மனு போடணும். அதுக்கும் அதே சர்டிபிகேட்டுதான் கேக்கறாங்க. நாங்க பன்னெண்டு வருஷமா ஒங்க கொட்டகையிலதான் இருக்கறோம்னு எழுதியிருக்குது. ஒரு கையெழுத்துப் போடுங்க. போதும்."

தாளை ஜன்னல் விளிம்பில் வைத்துப் பேனாவையும் நீட்டினாள். கஸ்தூரி அவசரமாக வாங்கிக் குனிந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். நில எண், கொட்டகை, பன்னிரண்டு வருஷம், எல்லாம் சரியாக இருந்தது. பேனா தாளைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே நின்றது. ராஜேஷ் சொன்ன பட்டா, கோர்ட்டு, ரோட்டோரத்து மூலையின் விலை, எல்லாம் ஒரு மூச்சு நேரத்தில் கண்முன் வந்துபோயின. இத்தனை வெட்கத்துக்குப் பிறகும் வந்தன.

நிமிர்ந்தபோது சுகன்யா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதலியாம்மா? வேற பேனா தரட்டா?" என்றாள் மெதுவாக.

"இல்லம்மா" என்றாள் கஸ்தூரி. "நல்லாதான் எழுதுது."

கையெழுத்தைப் போட்டு, தாளை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள்.