புவனேஸ்வரி கேட்ட சத்தமில்லாத ஃபேன்

“இதப் போட்டுக்கினு பக்கத்து ரூம்ல ஒரு ஆளு தூங்க முடியுமாண்ணே?” என்று புவனேஸ்வரி கேட்டாள்.

வில்லியனூர் மின்சாமான் கடையில் தமிழ்ச்செல்வன் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனைத் தூக்கி மேசைமேல் வைத்திருந்தார். அது அவருடைய கடை. அங்கே பில் போடும் வெண்ணிலாதான் தன் அண்ணியைக் கிருமாம்பாக்கத்திலிருந்து அழைத்து வந்திருந்தாள்.

“எல்லாரும் காத்து வருமான்னு கேப்பாங்க. தூக்கம் வருமான்னு நீங்கதாம்மா கேக்கறீங்க,” என்றார் அவர்.

“போட்டுக் காட்டுங்க.”

அவர் சுவிட்சைத் தட்டினார். மேசையிலிருந்த பில்கள் பறந்தன. புவனேஸ்வரி கண்ணை மூடிக் கேட்டாள். நடுவில் இருமல் வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அடங்கியபின் தலையை ஆட்டினாள்.

“இது மாவு மெஷினு. வேற இன்னா இருக்கு?”

வெண்ணிலா அட்டைப் பெட்டிகளில் இருந்த ஆங்கிலத்தைப் படித்தாள். “இது அம்பத்தஞ்சு டெசிபல் அண்ணி. அதோ, குழாய் மாதிரி இருக்கறது மெதுவா ஓடினா முப்பதுதான்.”

“சத்தத்தக்கூடவா அளப்பாங்க? உங்கண்ணன் கொறட்டை எவ்ளோ வரும்?”

“அதுக்கு மீட்டர் இல்லம்மா,” என்றார் தமிழ்ச்செல்வன். குழாய் ஃபேனை எடுத்து வைத்தார். “சின்னத வாங்கி முழு வேகத்துல வுட்டா கத்தத்தான் கத்தும். ஒரு சைஸ் பெருசா வாங்கி மெதுவா ஓட வுடுங்க. முன்னால இந்தக் கார்பன் ஃபில்டர மாட்டிக்கலாம். உள்ள கரி இருக்கு, நாத்தத்த இழுத்துக்கும்.”

“தூசிய?”

“கரி வாசனைக்கு மட்டுந்தான். தூசிக்கு மேல சுத்தியிருக்கற இந்த வெள்ளத் துணி. அதக் கழட்டிக் கழட்டி மாத்தணும். எதுவா இருந்தாலும் ஃபேன் ஓடினாத்தான் வேலை செய்யும்.”

“ஓடும். இனிமே ஓடும்,” என்றாள் புவனேஸ்வரி. பிறகு வெண்ணிலா பக்கம் திரும்பி, “பக்கத்து வூட்டு விஜயகுமாரி அக்கா, எங்க சாம்பார்ல உங்க வைக்கோல் நாத்தம் அடிக்குதுன்னு தெரு பூரா சொல்லிக்கினு வருது. அதுக்கும் சேத்து ஆச்சு,” என்று சிரித்தாள். சிரித்ததும் மறுபடி இருமினாள்.

‘இனிமே’ என்ற அந்தச் சொல்லை வெண்ணிலா அன்று கவனிக்கவில்லை.

புவனேஸ்வரி காட்டேரிக்குப்பத்தில் கூலி வேலைக்குப் போகும் வீட்டில் பிறந்தவள். மணவாளனைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவனுக்குக் கரும்பு வயல் இருந்தது. கிணற்றில் உப்பு ஏறியபின் கரும்பு மெலிந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் வெட்டுக்கூலிக்கே கட்டுப்படியாகவில்லை. மிஞ்சியது கொஞ்சம் நெல். மணவாளன் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் சேர்ந்தான். அவள் மகளிர் குழுவோடு பயிற்சிக்குப் போய்வந்து, நெல் மூட்டை அடுக்கும் அறையைக் காளான் அறையாக்கினாள். வைக்கோலை டிரம்மில் வேகவைத்து, பையில் அடுக்கு அடுக்காகப் போட்டு, இடையிடையே காளான் விதையைத் தூவிக் கட்டி உறியில் தொங்கவிட வேண்டும். பைகளில் போட்ட ஓட்டை வழியாகச் சிப்பிக் காளான்கள் கொத்தாகப் பிதுங்கும். பறித்துக் கழுவாமல் பொட்டலம் கட்டிக் காலை பஸ்ஸில் கடலூருக்கு அனுப்பிவிடுவாள். இரண்டு பாஷையில் படித்த வெண்ணிலாவைப் பொட்டலத்துக்கு ஒரு பெயர் எழுதச் சொன்னாள். வெண்ணிலா அழகாக எழுதித் தந்ததைப் பார்த்து, “படிக்க நல்லாருக்கு. ஆனா காளான்னு எங்கடி இருக்கு?” என்றாள்.

காளானின் விளிம்பு மேல்நோக்கிச் சுருள்வதற்குள் பறித்துவிட வேண்டும். சுருண்டுவிட்டால் அடியிலிருந்து வெள்ளைத் தூள் உதிரும். அதுதான் அதன் வித்து. கண்ணுக்குத் தெரியாமல் அறை முழுவதும் மிதக்கும். அதை வெளியே தள்ளத்தான் சுவரில் முதலிலேயே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தியிருந்தார்கள். பறிக்கும் நேரமும் மணவாளன் வேலை முடிந்து வந்து படுக்கும் நேரமும் ஒன்று. அவன் படுக்கும் அறைக்கும் காளான் அறைக்கும் நடுவில் ஒரே சுவர். ஃபேன் ஓடினால் அந்தச் சுவரே அதிரும்.

பறித்து முடித்து வெளியே வரும்போது அவள் இமையிலும் முன்தலையிலும் வெள்ளை படிந்திருக்கும். மணவாளன் விழித்திருந்தால், “பவுடர் போட்டுக்கினு எங்க கெளம்பிட்ட?” என்பான். “உங்களுக்கு ரெண்டாங்கல்யாணம், பொண்ணு பாக்க,” என்பாள் அவள்.

சாயங்காலமானால் உடம்பு கொதிக்கும். மறுநாள் சரியாகிவிடும். சளி என்றாள், தூசி என்றாள், பனி என்றாள். படியேற மூச்சு வாங்கத் தொடங்கியபிறகுதான் வெண்ணிலாவோடு ஃபேன் வாங்க வந்தாள்.

அருள்மொழி என்ற எலக்ட்ரீஷியன் வந்து மாட்டினான். சுவரில் திருகினால் சுவர் அதிரும் என்பதால் ஃபேனை உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டான். குழாயை எங்கும் வளைக்காமல் நேராகத் தோட்டத்துப் பக்கம் வெளியே விட்டான். ஓடவிட்டதும் புவனேஸ்வரி பக்கத்து அறைக்குப் போய் மணவாளன் கட்டிலில் படுத்துப் பார்த்தாள்.

“போட்டாச்சா?”

“ஓடிக்கினுதான் இருக்கு அண்ணி,” என்றாள் வெண்ணிலா.

“அய்யோ, இத மொதல்லயே வாங்கியிருக்கலாமே,” என்றாள் படுத்தபடியே.

அதற்கு அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் புவனேஸ்வரியின் நெஞ்சைப் படம் பிடித்தார்கள். காளான் தூள் நுரையீரலில் பட்டுப் பட்டுத் தழும்பாகிவிட்டது, ஆன தழும்பு ஆறாது, இனி அந்த அறைப் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர்.

“காத்து வெளிய போக ஒண்ணும் வெக்கலியா?” என்று கேட்டார்.

“மொதல்லேருந்தே ஃபேன் இருக்கு சார். ஓடும்,” என்றான் மணவாளன்.

டாக்டர் புவனேஸ்வரியைப் பார்த்தார். அவள் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே, “அவரு எழுந்ததுக்கு அப்புறம் ஓடும்,” என்றாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் மணவாளன் கேட்டான்: “நிறுத்தச் சொல்லி நான் எப்பச் சொன்னேன்?”

“ஆரம்பத்துல ஒரு நாளு. ரெண்டு ஷிப்ட் சேத்துப் பாத்துட்டு வந்தீங்களே.”

“அது அன்னிக்கு மட்டுந்தான் புவனா.”

“எனக்கு இன்னா தெரியும்? நல்லாத் தூங்குனீங்க. அப்புடியே வுட்டுட்டேன்.”

கூடப் போயிருந்த வெண்ணிலா கடலூர் சாலையில் வரும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நின்ற ஒன்றில் மூவரும் ஏறவில்லை.

தோட்டத்தைப் பார்த்த ஜன்னலோரம் புவனேஸ்வரிக்குக் கட்டில் போட்டார்கள். கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின் வந்தது. அது பழைய ஃபேனைவிடப் பெரிய சத்தம் போட்டது. மணவாளன் பகல் வேலைக்கு மாற்றிக்கொண்டு, ராத்திரியில் அந்த மெஷின் பக்கத்திலேயே தரையில் படுத்தான். அந்த இரைச்சலில் தூங்கினான். கரண்டு போய் அது நின்றால்தான் திடுக்கிட்டு எழுந்து உட்காருவான்.

தொங்கிக்கொண்டிருந்த பைகளில் காளான் வெடித்துக் கிடந்தது. பறிப்பதை வெண்ணிலா எடுத்துக்கொண்டாள். கடைக்குப் போகுமுன் முகத்தை மூடிக் கட்டிக்கொண்டு உள்ளே போவாள். ஃபேனைப் போட்ட பிறகே கதவைத் திறப்பாள். ஃபில்டர்மேல் இருக்கும் வெள்ளைத் துணியைக் கழற்றி மாற்றுவாள். வைக்கோல் வாசம் நின்றுபோனதால் விஜயகுமாரி தானாகவே வந்து, “தொழில வுட்டுட்டீங்களா?” என்று விசாரித்துவிட்டு, கட்டிலில் இருந்தவளைப் பார்த்ததும் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆடி பிறப்பதற்குமுன் புவனேஸ்வரி போய்விட்டாள். ஆக்சிஜன் மெஷினைக் கொடுத்தவர்களே வந்து எடுத்துப் போனார்கள். வீடு அமைதியானபிறகு மணவாளனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒருநாள் காளான் அறைச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றான். “ஓடுதா?” என்று கேட்டான். “ஓடுதுண்ணா,” என்றாள் வெண்ணிலா. “ஒண்ணுமே கேக்கலியே,” என்றான்.

தோட்டத்துப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் வாயில் இன்னும் ஒரு பச்சைத் துணிப்பட்டை கட்டியிருக்கிறது. வெண்ணிலா உள்ளே பறிக்கும்போதெல்லாம் அது எழுந்து படபடக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், வெண்ணிலா முதல்முறையாகக் காளான் அறைக்குள் போகக் கிளம்பியபோது புவனேஸ்வரி கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டது அது.

“சத்தம் வேணாம்னு நான்தான் வாங்குனேன். இப்ப நீ உள்ள இருக்கறப்ப அது ஓடுதா நின்னுடுச்சான்னு எனக்குத் தெரியல வெண்ணிலா. என் பச்சப் பொடவைல ஒரு ஓரத்தக் கிழிச்சு வெளிய கட்டி வுடுடி. ஆடுதான்னு இங்கேருந்து பாத்துக்கினு இருக்கேன். நின்னா கூப்புடறேன், உடனே வெளிய வந்துடு.”