பாதி கறுப்புக் கேடயம்

டிசம்பர் 11, வியாழக்கிழமை, பிற்பகல் 3.40. நேரம் என் தொலைபேசிப் படத்தில் பதிந்திருக்கிறது. நடந்ததைத்தான் எழுதுகிறேன். கற்பனை என்றால் என்னை இதைவிட நல்லவனாகக் காட்டியிருப்பேன்.

அதற்கு முந்திய ஞாயிறு, என் தங்கை துசியந்தியின் கல்யாணத்துக்கு நாள் வைக்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை சஞ்சயனின் தாய் கமலாம்பிகை சிரித்துக்கொண்டே எங்கள் பரம்பரையைக் கேட்டார்.

"எங்கட பூட்டனார் முதலியார். நீங்கள் ஆற்ற ஆக்கள், தம்பி?"

அப்பா இருபத்திரண்டு வருடம் ஹீத்ரோவில் விமானம் துடைத்தவர். பக்கத்தில்தான் இருந்தார்.

"எங்கட குடும்பத்துக்கு ஒரு சின்னமே இருக்கு, அன்ரி. கார்டில பாப்பீங்கள்" என்றேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை.

ஹவுன்ஸ்லோவில் அச்சகம் வைத்திருக்கிறேன். பிரபுக்களின் சின்னங்கள் பழைய தேவாலயங்களில் இருக்கும் என்று தெரியும். அந்த வியாழக்கிழமை ஒரு தேவாலயத்துக்கு, ஒன்றைத் திருடப் போனேன்.

சுவரில் ஒரு சாய்சதுரப் பலகை. நடுவில் கேடயம். அதன் இடப்பாதியில் சிங்கம், வலப்பாதியில் மூன்று பறவைகள். கேடயத்தின் பின்புலம் இடப்பக்கம் கறுப்பு, வலப்பக்கம் வெள்ளை. அழகாக இருந்தது. படம் எடுத்தேன்.

டக்… டக்…

கடைசி வாங்கில் ஒரு வயதான பெண் உட்கார்ந்திருந்தார். நான் வந்தபோது அங்கே யாரும் இல்லை. அவர் கையுறைகளிலிருந்து நீர் சொட்டியது. வெளியே மழை இல்லை.

"யாருடையது அது?" ஆங்கிலத்தில் கேட்டார்.

"எங்கள் குடும்பத்துடையது." அவரிடமும் அதே பொய்.

"என் அனுதாபங்கள்" என்றார்.

கதவருகில் திரும்பிப் பார்த்தேன். வாங்கு காலி. தரை காய்ந்திருந்தது. 3.43.

அந்தப் படத்தை அப்படியே போட்டு முந்நூறு அழைப்பிதழ் அடித்தேன். கமலாம்பிகை சின்னத்தை விரலால் தடவி, "ராச பரம்பரைதான் போல" என்றார். அப்பா ஒன்றைக்கூடக் கையால் தொடவில்லை.

பெப்ரவரி முதலாம் திகதி கல்யாணம் நடந்தது.

கல்யாணமாகி இருபத்தோராம் நாள் சஞ்சயன் நித்திரையில் இறந்தான். முப்பது வயது. இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

நேற்றுத் திரும்பவும் தேவாலயத்துக்குப் போனேன். அலுவலகத்தில் கத்தரின் என்ற பெண் இருந்தாள். படத்தைக் காட்டினேன்.

"இது சாவுப் பலகை. செத்தவரின் வீட்டு வாசலில் மாட்டுவார்கள். இடப்பக்கம் மட்டும் கறுப்பென்றால் கணவன் இறந்துவிட்டான், மனைவி உயிரோடு இருக்கிறாள்."

"முழுதும் கறுப்பென்றால்?"

"இருவரும் இல்லை." படத்தை மறுபடி பார்த்தாள். "இது எங்களுடையது அல்ல. எங்கள் பலகை முழுக் கறுப்பு. எப்போதுமே."

போய்ப் பார்த்தேன்.

அதே சிங்கம். அதே மூன்று பறவைகள்.

முழுக் கறுப்பு.

மாலை 6.15. தொலைபேசி அடித்தது. துசியந்தி.

"அண்ணை, கல்யாணக் கார்ட் கையில கிடக்கு. மற்றப் பாதியும் கறுத்துக்கொண்டு வருது… எங்கட சின்னம் எண்டு சொன்னீங்களே, இதுக்கு என்ன அர்த்தம்?"