புதன்கிழமை வந்த சாட்சி

1. பங்குனியில் அளந்தது

நாலுவழிச் சாலைக்கு நிலம் எடுத்த காலத்தில் நான் நில எடுப்பு அலுவலகத்தில் சர்வேயர். கொட்டாரம் பக்கத்து வயல்களை அளந்தது பங்குனி வெயிலில். அணை அடைத்திருந்ததால் எங்கும் சொட்டுத் தண்ணீர் கிடையாது. வயல்களுக்கு நடுவே நல்ல தடம் ஒன்று கிடந்தது. ஆளும் நடந்தது, ஆடும் நடந்தது, நானும் கருவியைத் தூக்கிக்கொண்டு அதில்தான் நடந்தேன். வரைபடத்தில் ‘நடைபாதை’ என்று குறித்தேன். பழைய எஃப்.எம்.பி. புலப்படத்திலும் அங்கே எதுவும் இல்லை. பட்டா நிலத்துக்குள் ஊர்க்காரர்களே வெட்டிக்கொண்ட வாய்க்கால் அதில் ஏறாது என்பது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் ஒருவரையும் கேட்கவில்லை. வெயில் அப்படி, என் மிதப்பும் அப்படி.

2. தையல் கடைக்காரியின் மனு

லீலா கொட்டாரத்தில் தையல் கடை வைத்திருப்பவர். அவருடைய வயலில் பாதி சாலைக்குப் போயிற்று. அதற்கு அவர் சண்டைக்கு வரவில்லை. மிச்சப் பாதி சாலைக்கு அந்தப் பக்கம். ஆள் உயரத்துக்கு மண்ணடித்துச் சாலை போட்டால் அங்கே தண்ணீர் போக வழி கிடையாது, வயல் தரிசாகிவிடும். சாலைக்கு அடியில் தண்ணீர் கடக்க ஒரு கல்வெர்ட்டு வேண்டும் என்று ஆட்சேபணை மனு கொடுத்தார். நடைபாதைக்கு எதற்குக் கல்வெர்ட்டு என்று என் வரைபடத்தைக் காட்டியே தள்ளுபடி செய்தார்கள். அவர் விடவில்லை. மதுரைக்குப் போய் ஐகோர்ட்டில் ரிட் போட்டு, இடத்தை நேரில் பார்த்து மறுபடி விசாரிக்க உத்தரவு வாங்கி வந்தார்.

தேதி குறிக்க அலுவலகம் வந்தவர் நேராக என் மேஜைக்கு வந்தார்.

“சார்தான் அளந்ததா?”

“ஆமாம்மா. டி.ஜி.பி.எஸ். வச்சு அளந்தது. இம்மி பிசகாது.”

“எனக்கும் அளவெடுக்கதுதான் ஜோலி சார். பழைய சட்டைய வச்சு நான் தைக்க மாட்டேன். ஆள வந்து நிக்கச் சொல்லுவேன். வெட்டிட்டா பொறவு ஒட்ட முடியாதுல்லா?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தரிக்கோல் பிடிக்கிறவர் சர்வேயருக்குப் பாடம் எடுப்பதா? ஆனி மாதத்தில் மூன்று தேதிகளைச் சொன்னேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “புதன்கிழம வைங்க, காலைல” என்றார். ஏன் என்று அப்போதும் நான் கேட்கவில்லை.

3. முறை நாள்

மாவட்ட வருவாய் அலுவலரான டி.ஆர்.ஓ., நெடுஞ்சாலைத் துறை இன்ஜினியர், நான் மூவரும் போனோம். லீலா மண்வெட்டியுடன் வரப்பில் நின்றிருந்தார். நான் பெருமையாக முன்னே நடந்து, “பாருங்க சார், நடக்கத் தோதான பாதை” என்றேன்.

சலசலவென்று சத்தம் கேட்டது. திரும்பினால் நுரையும் சருகுமாகத் தண்ணீர் எங்களைத் துரத்தி வருகிறது! டி.ஆர்.ஓ. ஒரே எட்டில் வரப்பில் ஏறிவிட்டார். இன்ஜினியரின் புது ஷூ நிறையத் தண்ணீர். நான் கணுக்கால் வரை நனைந்து நின்றேன்.

“இன்னைக்கு எங்க முறையாக்கும் சார்” என்றார் லீலா. “அணை தொறந்தா, புதன்கிழமதோறும் எனக்க வயலுக்குத்தான் தண்ணி. நான் ஒண்ணும் பேசல்ல. அதுவே வந்து நிக்குது, அதுகிட்டயே கேளுங்க.”

டி.ஆர்.ஓ. என்னைப் பார்த்தார். “என்னய்யா, உங்க பாதை நம்மளையே அடிச்சிட்டுப் போகுதே?”

“பாதையில்ல சார், வாய்க்கால். தப்பு என்னுது.”

சொன்னதும் மனசு லேசாகிவிட்டது. டி.ஆர்.ஓ. சிரித்தார். ஷூவைக் கழற்றிக் கவிழ்த்த இன்ஜினியரும் சிரித்தார். அவர் அந்த வரப்பிலேயே உட்கார்ந்து கல்வெர்ட்டுக்கு இடம் குறித்தார். அந்த வாரமே உத்தரவும் வந்தது.

4. அளவு

சாலை வந்தது. அதற்கு அடியில் தண்ணீர் போய், அந்த வருஷமும் லீலா கன்னிப்பூ போகத்து நெல் அறுத்தார். இப்போதும் பஸ்ஸில் அந்த இடத்தைத் தாண்டும்போது எட்டிப் பார்ப்பேன். பச்சையைக் கண்டால் அன்றைக்கு முழுக்க எனக்குக் குஷிதான். புதிதாக வேலைக்கு வரும் சர்வேயர்களே, வயலைக் காய்ந்தபோது ஒருமுறையும் நனைந்தபோது ஒருமுறையும் பாருங்கள். வாய் திறந்து கேளுங்கள்.

ஓய்வு பெற்றபோது லீலா ஒரு சட்டை தைத்துத் தருவதாகச் சொல்லியனுப்பினார். அளவுக்கு என் பழைய சட்டையைக் கொடுத்துவிட்டேன். அது அப்படியே திரும்பி வந்தது, “ஆள வரச் சொல்லுங்க” என்ற சேதியோடு. போய் நின்றேன். டேப் வயிற்றைச் சுற்றி வந்தபோதுதான் தெரிந்தது, பழைய சட்டை மூன்று அங்குலம் பொய் சொல்லியிருக்கிறது.