ஆட்டுக்குப் போன கீரை

கல்யாணமாகி மண்ணரை என்ற ஊரில் குடியேறிய புதிது. அறுபதுகளின் கடைசி. பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். வயிற்றில் தலைப்பிள்ளை. பொழுது சாய்ந்ததும் எனக்கு எல்லாம் மங்கிவிடும். கம்பெனியில் எது கெட்டாலும் வோல்டேஜைத் திட்டுவதே எங்கள் வழக்கம். வீட்டிலும் நான் அதையே திட்டினேன். பாவம், என் வீட்டுக்காரர் பல்பை மாற்றி மாற்றி மாட்டினார்.

ஓர் அந்தியில் தண்ணீர்க் குடத்தோடு வந்தவள், வாசலில் எங்கள் ஆட்டைக் கட்டியிருந்த கயிறு தடுக்கி விழப் போனேன். பக்கத்து வீட்டுச் சரசக்கா ஓடிவந்து தாங்கிக்கொண்டார்.

“வோல்டேஜே இல்லீங்கக்கா,” என்றேன்.

“பல்பு பளிச்சுனு எரியுது கண்ணு. உனக்குத்தான் தெரியலே.”



மறுநாள் சரசக்காவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மாலைக்கண் என்று மருந்து கொடுத்த நர்சம்மா, “முருங்கைக்கீரை தின்னுங்க. அந்தப் பச்சைக்குள்ள ஒரு மஞ்சள் நிறம் ஒளிஞ்சிருக்குதுங்க. அதுதான் உடம்புல கண்ணுக்கான சத்தா மாறும். எண்ணெய் விட்டு வதக்குங்க, அப்பத்தான் உடம்புல சேரும்,” என்றார்.

எங்கள் வாசலிலேயே முருங்கை நின்றது. காய் எங்களுக்கு, கீரை ஆட்டுக்கு என்றுதான் அதுவரை ஒடித்துப் போட்டுவந்தோம். அன்றிலிருந்து கீரை என் வட்டிலுக்கு வந்தது.

சில வாரங்கள் கழித்து ஓர் அந்தி. பல்பு போடவில்லை. மொட்டையாய் நின்ற முருங்கையடியில் ஆடு என்னையே முறைத்துக்கொண்டிருந்தது. அந்த முறைப்புகூடத் துல்லியமாகத் தெரிந்தது.

இப்போது ஊரெல்லாம் ராத்திரி பகலாக எரிகிறது. ஆனாலும் என் பிள்ளையின் முகத்துக்கு அடுத்தபடி நான் ஆசையாகப் பார்த்த முகம், கீரையைப் பறிகொடுத்த அந்த ஆட்டின் முகம்தான்.