வடகம் காய்ந்த வீடு

2011 மே மாதக் கடைசியில், கிளேட்டனில் நாங்கள் வாடகைக்கு இருந்த யூனிற்றை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். என் மனைவிக்கு அப்போது நாலாம் மாதம். "வயித்துப் பிள்ளையோட வீடு தேடித் திரியாதையுங்கோ. பிள்ளை பிறக்கும்வரை இஞ்ச வந்து இருங்கோ" என்று அண்ணன் கூப்பிட்டார். மெல்பேர்னின் கிழக்கு ஓரத்தில், மலையடிவாரத்தில் அவருடைய வீடு. ஜூன் முதல் வாரத்தில், அங்கே குளிர்காலம் தொடங்கும்போது, பெட்டிகளைக் கொண்டுபோய் இறக்கினோம். அந்த உபசாரத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வீட்டின் நடு ஹோலில் கறுப்பு இரும்பில் ஒரு விறகு ஹீற்றர் இருந்தது. முன்பக்கம் கண்ணாடிக் கதவு, அதற்குக் கீழே காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பிடி. அந்தப் பிடியைக் குறைக்கலாம் என்பதையே அண்ணன் ஏற்றுக்கொள்ளவில்லை. பின்வளவில் விழுத்திய யூக்கலிப்டஸ் மரம் அறுத்து அடுக்கிக் கிடந்தது. பகல் முழுவதும் இறைச்சிக் குளிர்களஞ்சியத்தில் வேலை செய்துவிட்டு வருகிற மனிதர், வந்ததும் நாலு கட்டையைத் திணித்து, பிடியை முழுதாக இழுத்துவிட்டு, சாரத்தோடு வெறும் மேலில் கதிரையில் சாய்ந்துவிடுவார்.

"பாத்தியே தம்பி, ஆடி மாசத்தில சித்திரை வெயில்! வெள்ளைக்காரனுக்கு இது விளங்காது."

அண்ணிக்கு அந்த வெயிலில் வேறு வியாபாரம் இருந்தது. உழுந்தும் வெங்காயமும் ஊரிலிருந்து வருவித்த வேப்பம்பூவும் சேர்த்து வடகம் உருட்டி, தட்டுத் தட்டாக ஹீற்றரைச் சுற்றி அடுக்குவார். டண்டினோங்கில் இருந்த ஒரு தமிழ்க் கடைக்கு அது போகும். மெல்பேர்ன் குளிர்காலத்தில் வேறு யாராலும் வடகம் காயவைக்க முடியாது என்பதில் அவருக்குப் பெருமை. காற்றில் கொஞ்சம் ஈரம் ஏறினாலும் வடகத்தின் நடுப்பகுதி பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் அந்த வீட்டில் உடுப்பு உள்ளே உலர்த்தக்கூடாது. அரிசி அவியும்போது குசினிக் கதவைச் சாத்த வேண்டும்.

இரண்டாம் வாரத்தில் மனைவிக்கு மூக்கால் இரத்தம் வந்தது. முதலில் விடியற்காலையில் மட்டும், பிறகு சாப்பிடும்போது, பஸ்ஸில், வேலையிடத்தில். உதடு வெடித்தது. கதவுப் பிடியைத் தொட்டால் சுள்ளென்று மின்சாரம் அடித்தது. கர்ப்பகாலத்தில் மூக்குக்குள் இரத்தக் குழாய்கள் வீங்கியிருக்கும், வறண்ட காற்று அவற்றை இலகுவாக வெடிக்கவைக்கும் என்று டொக்டர் சொன்னார். இரத்தசோகை ஏற்கெனவே தொடங்கியிருக்கிறது, இனி இரத்தம் போகவிடக்கூடாது என்றும் சொன்னார். காற்றை ஈரமாக வைத்திருங்கள், வீட்டை அளவுக்கு மீறிச் சூடாக்காதீர்கள். இரண்டே ஆலோசனைகள்தான்.

எதையும் வாசித்துப் பார்க்காமல் செய்ய எனக்கு வராது. நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் எடுத்து வாசித்தேன். பனிக்காலத்து வெளிக்காற்றில் நீர் குறைவு. அதை உள்ளே இழுத்துச் சூடாக்கச் சூடாக்க அது கண்ட இடமெல்லாம் ஈரத்தை உறிஞ்சும், மரத்திலும் தோலிலும் மூக்கிலும். நெருப்பு எவ்வளவு வேகமாக எரிகிறதோ, அவ்வளவு வேகமாகப் புகைபோக்கி வீட்டுக் காற்றை வெளியே தள்ளி, இடுக்குகளால் புதிய குளிர்காற்றை உள்ளே இழுக்கும். ஆகவே முதல் வைத்தியம் அந்தப் பிடி. ஒரு சட்டி தண்ணீர் அதற்கு அடுத்ததுதான்.

நான் பிடியைப் பாதிக்குக் குறைத்து, ஹீற்றரின் மேல் ஒரு அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைத்தேன். வேலையால் வந்து பார்த்தபோது சட்டி குசினித் தொட்டிக்குள் கவிழ்ந்து கிடந்தது.

"தம்பி, தண்ணி வைக்கிறதெண்டால் உங்கட அறையில வையுங்கோ" என்றார் அண்ணி. "இஞ்ச என்ர சாமான் காயுது."

"அறையில அடுப்பு இல்லை அண்ணி. சூடு இல்லாமல் தண்ணி எப்பிடி ஆவியாகும்?"

"அது எனக்குத் தெரியாது. நீங்கள்தானே படிச்சனீங்கள்."

அண்ணன் கதிரையிலிருந்து சிரித்தார். "அடுப்பு மூட்டவும் புத்தகம் பாக்கிறானடி இவன். டேய், உன்ர மனுசிக்கு மட்டுமே மூக்கு இருக்கு? நாங்களும் இந்தக் காத்தைத்தான் குடிக்கிறம்."

அறைக்குள் ஈரத்துவாய்களைத் தொங்கவிட்டேன். ஜன்னல் வேர்த்து மரச்சட்டத்தில் பூஞ்சணம் படியும் என்று அண்ணி அவற்றைக் கழற்றிக் கொடியில் போட்டார். நான் பிடியைக் குறைப்பேன், அண்ணன் இழுத்துவிடுவார். ஜூலை மாதம் முழுக்க இப்படித்தான் போனது. சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கவில்லை. மூன்று பேரும் மரியாதை குறையாமல் ஒருவரை ஒருவர் வெறுத்தோம். மனைவி மட்டும் கைலேஞ்சியை மடித்து மூக்கில் அழுத்திக்கொண்டு, "விடுங்கோப்பா, அவையின்ர வீடு" என்பாள்.

ஓகஸ்ட் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம். வெளியே மழை. ஹோலில் தட்டுகள் நிறைந்திருந்தன. மனைவி சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவக் கொண்டுபோனவள் ஹீற்றரைக் கடக்கும்போது குனிந்தாள். கைலேஞ்சி எடுக்கமுன்னரே மூக்கிலிருந்து கொட்டிவிட்டது. ஒரு தட்டு வடகம் முழுக்கச் சிவப்பு. அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

அண்ணி ஓடிவந்தார். தட்டைத் தூக்கினார். மனைவியைத் தூக்கவில்லை.

"ஐயோ, ஒரு தட்டும் போச்சே! பிள்ளை, தள்ளி நிண்டிருக்கலாமே. நாளைக்குக் கடைக்காரன் வாறான், நான் அவனுக்கு என்னத்தைக் குடுக்க?"

மனைவி நிலத்தில் இருந்தபடி அவரை அண்ணாந்து பார்த்தாள். இரத்தம் நின்றபின் எழுந்து முகம் கழுவினாள். பிறகு வீட்டின் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தாள். ஹோல், குசினி, குளியலறை. முன்கதவையும் பின்கதவையும் அகலத் திறந்து, அசையாமல் இருக்கக் கதிரைகளை இழுத்து முட்டுக்கொடுத்தாள். மழைக்காற்று வீட்டை ஊடறுத்துப் போனது.

"என்ன செய்யிறீர்?" அண்ணன் மேலைக் கையால் மூடிக்கொண்டு எழுந்தார். "பூட்டும் ஜன்னலை!"

"பூட்டமாட்டன் அண்ணை."

"இவளின்ர சாமான் எல்லாம் நமத்துப் போகும்."

"போகட்டும் அண்ணை. எனக்கு மூச்சு விடவேணும்."

"தம்பி, உன்ர மனுசிக்குச் சொல்லு!"

நான் ஹீற்றருக்குப் பக்கத்தில் போய்ப் பிடியை முற்றாக உள்ளே தள்ளினேன். அண்ணி அழுதபடி தட்டுகளை ஒவ்வொன்றாக அறைக்குள் காவிக்கொண்டு போனார். நான் உதவவில்லை.

"இது என்ர வீடு" என்றார் அண்ணன். "என்ர வீட்டில என்ர சூட்டில இருக்க விருப்பமில்லாட்டி வெளிக்கிடுங்கோ."

"ஓம் அண்ணை, வெளிக்கிடுறம்" என்றாள் மனைவி. எனக்கு முன்னரே அவள் சொல்லிவிட்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

அதே வாரம் கிளேட்டனில் ஒரு கராஜுக்குப் பின்னாலிருந்த அறைக்கு மாறினோம். ஹீற்றர் இல்லை, கம்பளி போர்த்திக்கொண்டு இருந்தோம். சுவரில் ஈரம் கசிந்தது. அதைப்பற்றி அவள் ஒருநாளும் முறையிடவில்லை. மூக்கு இரத்தம் பத்து நாளுக்குள் நின்றது. நவம்பரில் மகள் பிறந்தாள். அண்ணனும் அண்ணியும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, நாங்களும் சொல்லியனுப்பவில்லை.

இனசனம் கேட்டால் அண்ணன் இப்போதும் ஒரே காரணத்தைத்தான் சொல்கிறாராம்: "ஒரு சட்டி தண்ணிக்காக வெளிக்கிட்டுப் போனவை." சிலர் அதை என்னிடம் வந்து சொல்லி, நான் மறுப்பேன் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் மறுப்பதில்லை. அந்தச் சட்டியை அங்கே வைக்க விட்டிருந்தால் போயிருக்கமாட்டோம்.