சாக்பீஸ் கோட்டில் காதர் பாய்

காதர் பாய் போயிட்டார். குன்னூர்ல இருந்து அவர் மகன் காலையில போன் பண்ணினார்.

தொண்ணூத்தேழு வயசு. எனக்கு மூணு கம்மி. எங்க டீ பேக்டரியில வெள்ளைக்காரத் துரைகிட்ட வேலை பார்த்தவங்கள்ல இனி நான் ஒருத்தன்தான் பாக்கி... வேற யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம இங்க எழுதறேன்.

அப்ப ரெண்டு பேருக்கும் இருபதுகூட ஆகலை. எஸ்டேட் கூலிக்காரங்க லைன் வீட்டுல ஒரே ரூம். குளிருக்கு நாங்கல்லாம் சாராயம் ஊத்திக்குவோம். பாய் தொடவே மாட்டார், கம்பளிக்குள்ள இருந்தே எங்களைத் திட்டுவார்.

தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு போட்டு கூடலூர்ப் பக்கம் இறங்கினார். திரும்பினது மலேரியாவோட. டிஸ்பென்சரியில கொயினா குடுத்தாங்க, காய்ச்சல் விட்டுது. கஞ்சி வச்சுக் குடுத்தது நான்தான். கஞ்சியும் கசக்குதுன்னு என்னைத்தான் குறை சொன்னார்.

மூணு வாரம் கழிச்சு, காய்ச்சலே இல்லாம, கால் தள்ளாட ஆரம்பிச்சுது. நாக்கு வேற குழறுது. கையில எடுத்த டம்ளர் வாய்க்குப் போகலை...

எங்க பேக்டரியில ஒரு வழக்கம். குடிச்சுட்டு வந்தான்னு சந்தேகம் வந்தா, பேக்டரியைப் பார்த்துக்கற டீமேக்கர் தரையில சாக்பீஸ் கோடு போடுவார், அது மேலயே நடக்கணும். மெஷின் பக்கத்துல தள்ளாடினா கை போயிடும்ல. பாயை நடக்கச் சொன்னாங்க. நாலு எட்டு வச்சார், விழுந்துட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான்.

"வாயில வச்சதே இல்லீங்க... காலுதானுங்க கேக்க மாட்டேங்குது." அதையும் குழறிக் குழறித்தான் சொன்னார்.

ஒரே ரூம்காரனாச்சேன்னு துரை என்னைக் கூப்பிட்டு, இவன் குடிப்பானான்னு கேட்டார். ரூம்ல பாட்டில் வச்சிருந்தது நான். என் வேலையும் போயிடும்னு பயம். தெரியலீங்கன்னுட்டேன்.

அன்னிக்கே வேலையில இருந்து அவர் பேரை வெட்டிட்டாங்க. குடிகாரன்ங்கற பேச்சு பள்ளிவாசல் வரைக்கும் போச்சு.

குன்னூர் டாக்டர் ஒருத்தர்தான் கண்டுபிடிச்சார். மலேரியா விட்ட பிறகு அபூர்வமா சிலருக்கு மூளையோட பின்பக்கம் பாதிக்குமாம், தானா சரியாயிடுமாம். மூணு மாசத்துல பாய் நல்லா நடந்தார். துரை ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் வேலைக்குத் திரும்பலை. பஜார்ல குடை ரிப்பேர் கடை போட்டுட்டார்.

அதுக்கப்புறம் எழுபது வருஷத்துக்கு மேல பழகினோம். என் கல்யாணத்துக்கு வந்தார், என் சம்சாரம் சாவுக்கும் வந்தார். அந்த நாளைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போன மாசம் இதைச் சொல்லிடணும்னுதான் போனேன். டீ குடிச்சுட்டு, மழையைப் பத்திப் பேசிட்டு வந்துட்டேன்.

நீங்க குடிக்கலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் பாய்.

போய் வாங்க.