மியூட்டில் ஓடிய சீரியல்

சேக்காட்டில் ஜெகதீசன் வீட்டு டிவிக்கு என்ன கேடு வந்ததோ, ஒரு சேனல் பேசுகிற மாதிரி இன்னொரு சேனல் பேசாது. பக்தி சேனலில் சாமியார் முணுமுணுப்பார்; சத்தத்தை நாற்பதுக்கு ஏற்றினால்தான் காதில் விழும். அப்படியே சீரியல் சேனலுக்குப் போனால் தொலைந்தது, தெருமுனை வரைக்கும் கேட்கும்.

பகலில் ரிமோட் இருந்தது சுரேகாவின் கையில். ஜெகதீசனுக்கு அக்கா. புருஷன் தவறின பிறகு பாரிவாக்கத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுத் தம்பியோடு வந்து ஒரு வருஷம் ஆகிறது. வந்த நாளிலிருந்து சும்மா உட்கார்ந்தவள் இல்லை. சமையல், துணி, தண்ணீர் பிடிப்பது எல்லாம் அவள்தான். வேலையோடு வேலையாகப் பக்தி சேனல் கேட்பாள், மத்தியானம் ஒரு சீரியல் பார்ப்பாள், அவள் கண்ட சுகம் அவ்வளவுதான்.

தம்பி பொண்டாட்டி விஜிக்குப் பூந்தமல்லியில் ஒரு ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி. காலையில் வந்து உள்ரூமில் படுப்பாள். ரூமுக்குக் கதவு கிடையாது, திரைதான். சுரேகா சேனலை மாற்றிவிட்டுச் சத்தம் குறைக்கிற பட்டனைத் தேடுவதற்குள் சீரியல் பாட்டு காதைக் கிழித்துவிடும். விஜி அலறியடித்து எழுந்துகொள்வாள். முதலில் முனகினாள், அப்புறம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டாள். தொடர்ந்து இரண்டு டூட்டி பார்த்துவிட்டு வந்த ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

“வேணும்னேதான் பண்றீங்க அண்ணி. செத்த கண்ண மூட முடில. வேற எடம் இருந்தா பாத்துக்குங்க.”

ஜெகதீசன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். தடியன், போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. வேற இடம் சுரேகாவுக்கு ஏது? அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

விஜிக்கும் உறுத்தியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் யாரையோ கேட்டாளாம். மறுநாள் வந்ததும் டிவி செட்டிங்கில் எதையோ குடைந்து, ஆட்டோ வால்யூம் என்று ஒன்றைப் போட்டாள். பக்தி, சீரியல், நியூஸ் என்று மாற்றி மாற்றி வைத்துக் காட்டினாள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவாகத்தான் பேசின. இனிமேல் தாராளமாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். வேற இடம் பார்க்கச் சொன்னதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

டிவியை நம்பலாம், தன் நேரத்தை நம்ப முடியுமா? சுரேகா மியூட்டைப் போட்டுவிட்டு டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து சீரியல் பார்த்தாள். யார் யாரை அறைந்தார்கள் என்று தெரிந்தது, எதற்கு அறைந்தார்கள் என்றுதான் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க இதே கதைதான். குக்கர்கூட விஜி எழுந்த பிறகுதான் அடுப்பில் ஏறியது.

வெள்ளிக்கிழமை திரை விலகியது. விஜி தலைவிரிகோலமாக வந்து நின்றாள். சுரேகா பதறி ரிமோட்டைக் காட்டி, சத்தமே வைக்கலம்மா, நான் எதுவும் பண்ணல என்றாள். விஜி டிவியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

“சத்தம் வைங்க அண்ணி. ஊடு கம்முனு இருந்தா, நீங்க எங்கியோ பூட்டீங்களோன்னு பயந்து பயந்து முழிச்சிக்கிறேன்.”

சுரேகா சத்தம் கூட்டுகிற பட்டனை ஒருதரம் அழுத்தினாள். இன்னும் கொஞ்சம் வைங்க என்று சொல்லிவிட்டு, விஜி அங்கேயே தரையில் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.